சொந்தக் குரலில் பாடியவர்

இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்கலாகாது என்று நற்செய்தியில் படிக்கிறோம். அதைப் புதைக்காமலும், பிறரைப் போல் மாற்றிக்கொள்ளாமலும் பயன்படுத்திய ஒருவரைப் பற்றி இங்கே காண்போம். அவரே அயர்லாந்துப் பாடகி டொலோரஸ் ஓ'ரியோர்டன்.

1971 செப்டம்பர் 6 அன்று, லிமரிக் மாவட்டத்துப் பாலிபிரிக்கன் என்னும் சிற்றூரில், கத்தோலிக்கக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். டொலோரஸ் என்பது வியாகுல மாதாவைக் குறிக்கும் பெயர். விபத்தினால் தந்தை வேலைக்குச் செல்ல இயலவில்லை. தாயார் பள்ளியில் உணவு தயாரிக்கும் பணி செய்து குடும்பத்தைக் காத்தார். சிறுமி டொலோரஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். பாடகர் குழுவில் பாடினார்.

1990இல், மூன்று இளைஞர்களின் இசைக்குழு ஒன்று பாடகியைத் தேடியது. அவர்கள் தந்த மெட்டுக்குத் தாமே சொற்கள் எழுதிப் பாடி, டொலோரஸ் அதில் இடம்பெற்றார். அதுவே பின்னர் 'கிரான்பெரீஸ்' என உலகப் புகழ் அடைந்தது. அவர்களுடையது 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்னும் இசை. கிதாரும் டிரம்சும் அதன் உயிர். ராக் பாடகர் பலர் அமெரிக்க உச்சரிப்பில் பாடுவதுண்டு. டொலோரசோ தம் ஊர் உச்சரிப்பிலேயே பாடினார். அயர்லாந்துப் பெண்கள் இறந்தோருக்காகப் பாடும் ஒப்பாரியின் விம்மல் அவர் குரலில் ஒலித்தது.

1993 மார்ச் 20 அன்று, இங்கிலாந்தின் வாரிங்டன் நகரக் கடைத்தெருவில், குப்பைத்தொட்டிகளில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகள் வெடித்தன. 3 வயதுக் குழந்தையும் 12 வயதுச் சிறுவனும் பலியாயினர். மறுநாள் அங்கே அன்னையர் தினம்! அயர்லாந்தின் பெயரால் செய்யப்பட்ட அக்கொடுமையை, அயர்லாந்துப் பெண்ணாகவே நின்று கண்டித்தார் டொலோரஸ். கிதாரை எடுத்து அவர் இயற்றிய 'சோம்பி' என்னும் பாடல் 1994இல் வெளிவந்து, பல நாடுகளில் முதலிடம் பெற்றது.

2001இல் வத்திக்கான் கிறிஸ்மஸ் இசைவிழாவிலும் பாடினார். ஆயினும் புகழ் அவருக்கு நிம்மதி தரவில்லை. மனநோயாலும் மதுவாலும் துன்புற்றார். 2018 ஜனவரி 15 அன்று, லண்டன் விடுதியொன்றில், மது மயக்கத்தில் குளியல் தொட்டியில் மூழ்கி 46ஆம் வயதில் இறந்தார். சொந்த ஊர் ஆலயத்திலேயே அவருக்கு இறுதித் திருப்பலி நிறைவேறியது. அவர் முன்னரே பாடி வைத்திருந்த பதிவுகளைக் கொண்டு, தோழர்கள் கடைசி இசைத்தொகுப்பை 2019இல் வெளியிட்டனர்.

தோழியரே! நமக்குக் கிடைத்த குரல் எதுவாயினும் அதிலேயே பாடுவோம். அநீதியைக் கண்டால் அக்குரலாலேயே பேசுவோம். இன்னொன்றும் கற்போம். உலகமே கேட்ட அக்குரலுக்குள் இருந்த வியாகுலத்தை அறிந்தவர் சிலரே. நம் அருகில் சிரித்துப் பாடும் தோழி ஒருநாள் மௌனமானால், “என்னம்மா?” என்று கேட்க மறவாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி