கிழிந்த ரப்பர் உறையும் துள்ளும் சக்கரமும்

நிறுத்தி வைத்திருக்கும் ஒரு சிறிய காரின் முன்சக்கரங்களை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தின் பின்னால் குனிந்து பாருங்கள். பருமனான சுருள்வில் ஒன்று தென்படும். அதன் நடுவே, ஆர்மோனியத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக, கறுப்பு ரப்பர் உறை ஒன்று இருக்கும். ஒர்க்ஷாப்களில் இதை 'பூட்' என்றோ 'டஸ்ட் கவர்' என்றோ சொல்வார்கள். இது கிழிந்துபோனால் கார் நின்றுவிடாது. அன்றைக்கே எந்தச் சத்தமும் கேட்காது. ஆகவே கார் வைத்திருப்பவர்களில் பலர் இதனைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் பிரேக்கை அழுத்தினால் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதற்கும் இந்த உறைக்கும் தொடர்பு உண்டு. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சுருள்வில். காரின் உடல் பகுதி சக்கரங்களின் மேல் நேரடியாக உட்காரவில்லை. சுருள்வில்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முன்சக்கரத்தின் பங்குக்கு வரும் நிறை 200 கிலோகிராம் என்றும், வில்லை ஒரு மீட்டர் அமுக்க 20,000 நியூட்டன் விசை வேண்டும் என்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். (வில் ஒரு மீட்டர் அமுங்காது, இது அதன் விறைப்பைக் குறிக்கும் அளவுதான்.) காரின் எடையால் வில் 200 × 9.8 ÷ 20,000, அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் காரின் உடல் மேலும் கீழும் அலையத் தொடங்குகிறது. அதன் அலைவு நேரத்தைக் காண எளிய வழி ஒன்று உண்டு. வில் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ, அவ்வளவு நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரம்தான் இதற்கும்! 10 செ.மீ. நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி ஆட்டிப் பாருங்கள். ஓர் அலைவுக்கு 0.63 வினாடி ஆகும். காரும் அதே தாளத்தில்தான் ஆடும். 200 கிலோ இரும்பும் நூலில் கட்டிய கல்லும் ஒரே தாளத்தில் ஆடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

ஊசல் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். கார் அப்படி ஆடினால் உள்ளே இருப்பவர்களுக்குக் குடலைப் புரட்டும். ஆகவே வில்லின் நடுவிலேயே ஷாக் அப்சார்பரை வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து இதுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று எண்ண வேண்டாம். அதிர்ச்சியைத் தாங்குவது வில். வில் வாங்கிக்கொண்ட ஆற்றலைச் செலவழிப்பதே இதன் வேலை. எண்ணெய் நிரம்பிய ஓர் உருளை, அதற்குள் சிறு துளைகளுள்ள பிஸ்டன், பிஸ்டனோடு இணைந்து வெளியே நீளும் பளபளப்பான எஃகுத் தண்டு. தண்டு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கி ஓட வேண்டும். வாளித் தண்ணீருக்குள் கையை மெதுவாக அசைத்தால் தடை தெரியாது. வேகமாக அசைத்தால் தண்ணீர் எதிர்க்கும். இங்கும் அப்படியே. அலைவின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறிவிடுகிறது. பாடத்தில் நீங்கள் படிக்கும் 'தடையுறு அலைவு' இதுதான்.

வில்லையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக இணைத்து, அத்தூணையே சக்கரத்தைத் தாங்கும் உறுப்பாகவும் ஆக்கினால் 'ஸ்ட்ரட்' ஆகிவிடுகிறது. ஏர்ல் மேக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் இது வழங்குகிறது. இங்கிலாந்தில் 1950-இல் வெளிவந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் இவ்வமைப்பு இருந்தது. நம் நாட்டில் 1983-இல் விற்பனைக்கு வந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800 காரின் முன்சக்கரங்களிலும் இதுவே. இடம் மிச்சமாவதால் சிறிய கார்களுக்கு மிகவும் ஏற்றது.

இப்போது பிரேக்குக்கு வருவோம். டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு விசை, சக்கரம் தரையை அழுத்தும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அழுத்தம் குறைந்தால் பிடிமானமும் குறையும். சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பிடிமானம் பூஜ்யம். காரின் உடல் மெதுவாக ஆடுகிறது என்று கண்டோம். சக்கரமோ எடை குறைந்தது. காற்றடைத்த டயர் அதற்கு மிக விறைப்பான வில். ஆகவே அது வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை துள்ளக்கூடியது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஒரு துள்ளல்! இத்துள்ளலை அடக்கிச் சக்கரத்தைத் தரையோடு தரையாக வைத்திருப்பதும் அந்த எண்ணெய்தான். எண்ணெய் ஒழுகிப் போய் அந்த இடத்தில் காற்று புகுந்துவிட்டால் பிஸ்டன் நுரைக்குள் தடையின்றிப் போய்வரும். பிரேக் கட்டைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், துள்ளும் சக்கரத்தால் காரை விரைவில் நிறுத்த முடியாது.

எண்ணெயை உள்ளே அடக்கி வைப்பது எது? தண்டு வெளியே வரும் வாயில் உள்ள 'ஆயில் சீல்' என்னும் மெல்லிய ரப்பர் உதடு. அந்த உதடும் தண்டும் மழமழவென்று இருக்கும் வரை எண்ணெய் வெளியே வராது. சாலையில் சக்கரம் வாரியடிக்கும் மணலும் சேறும் தண்டில் படியாமல் காப்பது நம் மடிப்பு உறை. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. தண்டின் மேலுள்ள குரோமியப் பூச்சு அதைவிடக் கடினமானது. அப்படியானால் மணல் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மணல் முதலில் கெடுப்பது தண்டை அன்று, மென்மையான ரப்பர் உதட்டை. மணல் துகள் உதட்டில் பதிந்துகொண்டு, தண்டு போய்வரும்போதெல்லாம் உப்புத்தாளைப் போல் தேய்க்கிறது. குரோமியப் பூச்சிலோ கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. சேற்று நீர் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். துருக்குழி ஒன்று விழுந்தால் உதட்டை அது ஒவ்வொரு முறையும் கீறும்.

உறைக்கு மடிப்புகள் எதற்கு? நேரான குழாயாக இருந்தால் தண்டு அமுங்கும்போது கசங்கிப்போகும். இன்னொன்று: உறை சுருங்கும்போது உள்ளிருக்கும் காற்று எங்கே போகும்? பாயில் விதிப்படி கன அளவு பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்காகும். உறை பலூன் போல் உப்பிவிடும். ஆகவே காற்று போய்வர வழி விட்டே இதைச் செய்கிறார்கள்.

கிழிந்த உறையை மாற்றுவது மெக்கானிக்கின் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காரை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுவார்கள். பிரேக் குழாயை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றுவார்கள். மேலே பானட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையைச் சுற்றிச் சிறு நட்டுகளும், நடுவே ஒரு பெரிய நட்டும் இருக்கும். சிறு நட்டுகளை மட்டுமே அப்போது கழற்ற வேண்டும். அமுங்கிய வில்லைப் பிடித்து வைத்திருப்பது அந்த நடு நட்டு. ஸ்ட்ரட் காரிலிருந்து வெளியே வந்த பின்னும் வில் விரியத் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

'ஸ்பிரிங் கம்ப்ரஸர்' என்னும் கொக்கிக் கருவியால் வில்லின் இரு பக்கமும் சமமாக இறுக்கிய பிறகே நடு நட்டைத் தொடுவார்கள். வில் மொத்தம் 10 செ.மீ. சுருங்கியிருந்தால் அதன் நிலை ஆற்றல் ½ × 20,000 × 0.1 × 0.1 = 100 ஜூல். இவ்வளவும் ஒரு கிலோ நிறையுள்ள பாகத்துக்கு இயக்க ஆற்றலாகப் போய்ச் சேர்ந்தால், அது வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பாயும். அருகில் குனிந்திருப்பவரின் முகம் என்ன ஆகும்? கயிற்றையும் கம்பியையும் கட்டி இந்த வேலையைச் செய்பவர்களைக் கண்டால் அந்த இடத்தைவிட்டு விலகி நில்லுங்கள்.

நட்டும் மேல் தாங்கியும் வில்லும் வந்தபின் பழைய உறையை உருவி எடுத்து, தண்டைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். உலர்ந்து பளபளப்பாக இருந்தால் புது உறை போதும். எண்ணெய்ப் பிசுக்கோ துருக்குழியோ இருந்தால் புது உறை மாட்டுவதில் பயனில்லை. ஷாக் அப்சார்பரையே மாற்ற வேண்டும், அதுவும் இரு பக்கமும் சேர்த்து. காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஒழுகும் தண்டுக்குப் புது உறை போடுவது ஒழுக்கை மறைப்பதே ஆகும். மீண்டும் பூட்டிய பின் சக்கர அலைன்மென்ட்டைச் சரிபார்ப்பது அவசியம்.

சரி, யாரும் தொடாத உறை ஏன் வெடிக்கிறது? காற்றில் மிகச் சிறு அளவில் ஓசோன் வாயு இருக்கிறது. வெயிலும் வாகனப் புகையும் சேர்ந்த இடங்களில் கூடுதலாக. ரப்பர் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது துண்டிக்கிறது. ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் வெட்டு ஆழமாகி விரிசலாகும். மடிப்பின் முகடுகள்தாம் அதிகம் இழுபடுகின்றன. விரிசல் அங்கேதான் தொடங்கும். இழுப்புக்குக் குறுக்கான திசையில், வளையம் வளையமாக. பழைய உறை கிடைத்தால் மடிப்பை விரித்துப் பாருங்கள்.

உறை கிடைக்காவிட்டாலும் இதைச் சோதிக்கலாம். இரண்டு ரப்பர் பாண்டுகளை எடுத்து, ஒன்றை ஒரு பாட்டிலைச் சுற்றி நன்றாக இழுத்து மாட்டுங்கள். மற்றதைத் தளர்வாக அருகிலேயே வையுங்கள். இரண்டும் காற்றோட்டமுள்ள ஜன்னல் விளிம்பில், நிழலில், சில வாரங்கள் இருக்கட்டும். பிறகு உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்து, எதில் விரிசல் அதிகம், அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.