நூறு மீட்டரோடு நின்றுவிடாதே, மகளே



படகு கரை சேர்ந்ததும் உன் அப்பா போன் போட்டான். வருவாய் மாவட்டப் போட்டியில் 100 மீட்டரில் நீ முதலாவதாக வந்தாய் என்று சொல்லும்போது அவன் குரலே மாறிவிட்டது. இனி 100 மீட்டரைத் தவிர வேறெதுவும் ஓட மாட்டேன் என்று நீ பிடிவாதமாக இருப்பதையும் கூடவே சொன்னான். பெரியப்பா இந்தக் கடிதம் எழுதுவது அதற்காகத்தான்.

பள்ளி மைதானத்தில் 100 மீட்டர்தான் ராஜா. கூட்டம் கூடுவதும் கைதட்டு விழுவதும் அதற்குத்தான். ஆனால் கணக்கைப் பார். பெண்கள் 100 மீட்டரில் தூத்தி சந்த் 2021இல் ஓடிய தேசியச் சாதனை 11.17 வினாடி. டோக்கியோ ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரமோ 11.15. நாட்டிலேயே வேகமான பெண்ணுக்கு அந்த 0.02 வினாடி எட்டவில்லை. தரவரிசை மூலமாகத்தான் அவர் டோக்கியோ போனார். அதே டோக்கியோவில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே அணியில் ஓடினார்கள். அது 4x400 கலப்புத் தொடரோட்டம்.

அவர்களில் ஒருவர் மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். கூலி வேலைக்குப் போய்வந்த பாட்டி ஆரம்மாள்தான் வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலில் ஓடிய ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்துவிட்டு, பாட்டியிடம் போய்க் கேட்டார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசிச் சம்மதிக்கவைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் வாங்கிக்கொடுத்தார். கல்லூரிக்குப் போன பிறகும் ரேவதி வெறுங்காலில்தான் ஓடினார். நீ ஸ்பைக்ஸ் கேட்டு அடம்பிடிக்கிறாயாமே! வாங்கித் தருகிறோம். அது வரும்வரை பயிற்சி நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ரேவதியும் உன்னைப் போலத்தான் தொடங்கினார்: 100, 200 மீட்டர். 2016இல் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் இரண்டிலும் தங்கம். பிறகு பாட்டியாலா தேசிய முகாமில், 400 மீட்டருக்கு மாறச் சொன்னார் பயிற்சியாளர் கலினா புகாரினா. கண்ணனும் ஒப்புக்கொண்டார். ரேவதி மாறினார். டோக்கியோ அணிக்கான தேர்வு ஓட்டத்தில் 53.55 வினாடி ஓடி அணியில் இடம் பிடித்தார். டோக்கியோவில் அவர்கள் அணி கடைசியாகத்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மாறாமல் இருந்திருந்தால் அந்த டிராக்கில் அவர் கால் பட்டிருக்காது என்பதுதான் பெரியப்பாவின் கணக்கு.

அதே அணியில் ஓடிய லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் தொடங்கியது நீளம் தாண்டுதலில். லாரி ஓட்டுநரின் மகன். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் 400க்கு வந்தார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ராஜேஷ் ரமேஷ், 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இந்தியத் தொடரோட்ட அணியின் கடைசிச் சுற்றை ஓடினார். 2 நிமிடம் 59.05 வினாடி, அன்றைக்கு ஆசியச் சாதனை. ராணுவம், ரயில்வே என்று நான் சொல்லிக்கொண்டே போவது காரணத்தோடுதான். ஓட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. ஓட்டத்தால் கிடைக்கும் வேலையில்தான் சோறு. தமிழ்நாட்டு அரசு வேலைகளிலும் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே சான்றிதழ் ஒன்றையும் தொலைக்காதே. பிறந்த தேதியைக் குறைத்துப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளின் பக்கமே போகாதே. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும். திருச்சி குண்டூர் தனலட்சுமி 2021 ஃபெடரேஷன் கோப்பையில் 200 மீட்டரை 23.26 வினாடியில் ஓடி, பி.டி. உஷாவின் 23 ஆண்டுக்கால போட்டிச் சாதனையை முறியடித்தார். அடுத்த வருடமே ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி 3 ஆண்டு தடை. உன் உடம்புக்குள் போவதற்கெல்லாம் நீதான் பொறுப்பு என்கிறது விதி. ஜிம் பையன் கொடுத்த பவுடர், சீனியர் அக்கா கொடுத்த மாத்திரை எதையும் தொடாதே. நம் ஊர் நண்டும் மீனும் முட்டையும் போதும்.

இன்னொன்று. இதை உன் அம்மாவும் கூட உட்கார்ந்து படிக்கட்டும். நம் மாவட்டத்திலிருந்து சர்வதேச டிராக்கைத் தொட்டவர் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அதைப் பறித்தார்கள். அவர் மருந்து எதுவும் எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. டாக்டருக்கும் அவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய விஷயம் நாடெங்கும் செய்தியாகிப் போனது. அந்த அவமானத்தைத் தாங்கி, பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கத்தைவிட இது பெரிது என்பேன்.

அந்தக் கதை அத்தோடு முடியவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடும் எல்லோருக்கும் ஒருமுறை மரபணுப் பரிசோதனை கட்டாயம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம் எடுப்பார்கள். அந்த நாள் உனக்கு வந்தால் தனியாகப் போகாதே, அம்மாவைக் கூட்டிக்கொள். எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. பரிசோதனை முடிவு உன் அந்தரங்கம், ஊருக்குச் செய்தி அல்ல.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை சில. விடிகாலை இருட்டில் ஈ.சி.ஆர். ரோட்டில் ஓடுவதை நிறுத்து. மீன் லாரிக்காரனுக்கு உன்னைத் தெரியாது. அரசு விளையாட்டு விடுதியில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத்தான் சேர்க்கிறார்கள். நீ இப்போது எட்டு. வரும் ஆண்டு ஒன்பதைத் தவறவிட்டால் பத்துக்குக் கிடையாது, பதினொன்று வரை காத்திருக்க வேண்டும். தேர்வு கோடையில் வரும். ஏப்ரல் 15இலிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பாவும் கரையில்தான் இருப்பான். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களை எடுத்து வை. விண்ணப்பத்தில் 100 மீட்டருக்குப் பக்கத்தில் 400 மீட்டரையும் எழுது.