உப்பங்கழியில் நன்னீர் மோட்டார்: கோடைக்கால ஆலோசனை

பழவேற்காடு ஏரியிலும் முட்டுக்காடு, பிச்சாவரம் கழிகளிலும் ஐப்பசி, கார்த்திகை மழையால் உப்புக் குறைந்திருந்த நீர் இப்போது மீண்டும் கரிக்கத் தொடங்கிவிட்டது. ஆற்று வரத்து நின்று, வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு கூடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பழவேற்காட்டின் ஆழமற்ற பகுதிகளில் கோடையில் அதையும் தாண்டுவதுண்டு.

நன்னீருக்கென்று செய்த 12 வோல்ட் பேட்டரி மோட்டாரைக் கயாக்கிலோ சிறு படகிலோ மாட்டி இங்கே ஓட்டுபவர்கள் இனி ஒரு நாளும் அசட்டையாக இருக்கக் கூடாது. மோட்டாரில் காய்ந்து படியும் உப்பு இரவுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, படகு கரையில் கிடக்கும்போதும் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

நீரில் இறக்கும் முன்

- நன்னீர் மோட்டாரில் மெக்னீசிய ஆனோடு (மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டு) இருந்தால் கழற்றித் துத்தநாக ஆனோடு மாட்டுங்கள். மெக்னீசியம் உப்புநீரில் விரைவில் கரைந்துபோகும். ஆனோடு மீது பெயின்ட் அடிக்காதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.
- பெயின்ட் உரிந்த இடங்களில் பிரைமர் பூசி, மேலே பெயின்ட் அடியுங்கள். தாமிரம் கலந்த பாசித்தடுப்பு பெயின்ட் அலுமினிய உடலை அரித்துவிடும், வேண்டாம்.
- பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள்.

கரையேறியதும்

- முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.
- காயும் முன்பே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கடலோர ஊர்களில் போர்வெல் நீரே கரிக்கக்கூடும். வீட்டிலிருந்து ஒரு கேன் குடிநீர் கொண்டுபோவது நல்லது. வேகமாகப் பீய்ச்சினால் சீல் வழியே நீர் உள்ளே புகும், மெதுவாக ஊற்றுங்கள்.
- துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்திய பிறகே உறை போடுங்கள். இரவில் மோட்டாரை நீரிலேயே விடாதீர்கள்.

வாரம் ஒருமுறை

- புரொப்பல்லரைக் கழற்றி, தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது சீலை அறுத்துவிடும். மாட்டும்போது பின்னுக்கும் நட்டுக்கும் கிரீஸ் வையுங்கள். எவர்சில்வர் நட்டும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.
- வயர் முனையில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அந்தத் துண்டை வெட்டியெறிந்து, வெள்ளீயம் பூசிய தாமிர வயரால் புது இணைப்புக் கொடுங்கள்.

உடனே நிறுத்துங்கள்

சத்தம் மாறினாலோ, பியூஸ் அடிக்கடி போனாலோ, மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்தாலோ உள்ளே நீர் புகுந்திருக்கலாம். மெக்கானிக் பிரித்துப் பார்க்கும்வரை ஓட்டாதீர்கள்.

நன்னீர் மோட்டாரை உப்புநீரில் ஓட்டினால் பல நிறுவனங்கள் வாரண்டி தருவதில்லை. உங்களுடைய வாரண்டி அட்டையை இன்றே படித்துவிடுங்கள். கோடை முழுக்கக் கழியில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால், உப்புநீருக்கென்று செய்த மோட்டாரை வாங்குவதே சிக்கனம்.