கையெழுத்து வாங்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பிசினஸ் அனலிஸ்ட்டாகச் சேர்ந்திருக்கிறாய், வாழ்த்துகள். கிளையன்ட் சொல்வதை எழுதி சைன்-ஆஃப் வாங்குவதுதான் உன் வேலை என்று டீம் லீட் சொல்லியிருப்பார். அது பாதிதான். கிளையன்ட் சொல்லாமல் விட்டதுதான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் நடந்ததைப் படி. விசாரணை அறிக்கை மறு ஆண்டே வந்துவிட்டது. வண்டிகளை ஒதுக்கும் புது மென்பொருள் வரும் முன் அங்கே எல்லாம் காகிதம். அழைப்பை எடுப்பவர் படிவத்தில் விவரம் எழுதி, வரைபடப் புத்தகத்தில் இடத்தைப் பார்த்துக் குறித்து, கன்வேயர் பெல்ட்டில் போடுவார். மறுமுனையில் ஒருவர் படிவங்களை எடுத்துப் பகுதிவாரியாகப் பிரிப்பார். ஒரே விபத்துக்கு இரண்டு பேர் அழைத்திருந்தால், அதைக் கண்டுபிடிப்பதும் அவர்தான்.

புது மென்பொருளோ, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது எந்நேரமும் பிசகில்லாமல் தெரியும் என்று நம்பிக் கட்டப்பட்டது. ரேடியோ சரியாக எட்டாத இடங்கள், பொத்தானை வரிசை மாற்றி அழுத்தும் ஊழியர், ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் கிளம்பும் குழு என எல்லாமே அங்கே அன்றாடம் நடப்பவை. மென்பொருள் திணறியது. ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் போயின. வேறு இடங்களில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, யாரும் பார்க்கும் முன்பே திரையிலிருந்து நகர்ந்துபோயின. காத்திருந்தவர்கள் மறுபடி அழைக்க, நெரிசல் இன்னும் கூடியது. மறுநாள் பிற்பகல் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள்.

விசாரணைக் குழு என்ன சொன்னது தெரியுமா? அந்த இரண்டு நாளும் கணினி பழுதாகவில்லை. மொத்தத்தில் வடிவமைத்தபடியே வேலை செய்தது. (நவம்பர் 4 அன்று நினைவகக் கசிவால் முடங்கியது வேறு கதை. அது டெவலப்பர் கணக்கில் சேரும்.) தேவை ஆவணம் மிக விரிவானதுதான். ஆனால் அதை எழுதியபோது ஆம்புலன்ஸ் குழுவினரின் பங்கு மிகக் குறைவு. தொழிற்சங்கத்துக்கு அழைப்பு போனது உண்மை. நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் ஆகாத இடத்தில், அழைப்பு அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று உட்காருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே மேனேஜரோடு மீட்டிங் போட்டால் போதாது. வேலை செய்பவர் பக்கத்தில் ஒரு முழு ஷிஃப்ட் உட்கார். “என்ன வேணும்?” என்று கேட்டால் ஆசைப் பட்டியல்தான் வரும். “நேத்து எங்கே சொதப்புச்சு? எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேள். அவர் தனியாக வைத்திருக்கும் எக்செல், மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டு, நோட்டில் பென்சிலால் போட்ட குறி எதையும் விடாதே. இப்போதைய சிஸ்டம் எங்கே கைவிடுகிறது என்பது அவற்றில்தான் இருக்கும்.

எழுதுவதற்கு ‘இயர்ஸ்’ என்ற வாக்கிய முறையைப் பழகிக்கொள். ரோல்ஸ்-ராய்ஸில் அலிஸ்டர் மேவினும் சகாக்களும் ஜெட் இன்ஜின் கட்டுப்பாட்டுக்கான தேவைகளை எழுதும்போது உருவாக்கி, 2009இல் வெளியிட்டது. கோளாறுகளுக்கென்றே அதில் தனி அமைப்பு உண்டு. ‘வண்டியின் இருப்பிடம் இரண்டு நிமிடமாக வராவிட்டால், சிஸ்டம் அந்த வண்டியைத் தானாக ஒதுக்கக் கூடாது; ஆபரேட்டரிடம் கேட்க வேண்டும்.’ டெஸ்டர் இதைப் படித்ததும் டெஸ்ட் கேஸ் எழுதிவிடுவார். ‘சிஸ்டம் நம்பகமாக இருக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால் பாவம், என்ன செய்வார்?

இப்போது கையிலிருக்கும் ஆவணத்தைத் திற. அதில் இப்படிக் கோளாறைச் சொல்லும் வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணு. ஒன்றும் இல்லையென்றால் சைன்-ஆஃபுக்கு அனுப்பாதே. மேனேஜர் அவசரப்படுத்தினால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அன்புடன்,
உன் அண்ணன்