பனியில் நின்ற வண்டி

வீடு தேடிச் சரக்கு வருவது வசதியே. ஆயினும் அவ்வசதி எதன்மேல் நிற்கிறது என்பதை அங்கத்தினர்களாகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். பிரிட்டனில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஆராய்வோம்.

அந்நாட்டுப் பல்பொருள் அங்காடிகள், இணையத்தின் வழியே கேட்கப்படும் சரக்குகளைக் குறித்த நேரத்தில் வேன்களில் அனுப்பி வருகின்றன. 2018 பிப்ரவரி இறுதியில் அங்கு வெண்பனி கடுமையாகப் பொழிந்தது. ஸ்காட்லாந்தின் நடுப்பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. எம்80 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுவதும் சிக்கி நின்றன. பெருஞ்சாலைகளில் உப்புத் தூவிப் பனியை உருக்குவர். வீடுகள் உள்ள சிறு தெருக்களிலோ அது இறுகிக் கிடக்கும். ஒரு தெருவில் வேன் தாமதித்தால், அடுத்தடுத்த வீடுகள் யாவும் காத்திருக்க நேரும். அவ்வாரம் பல இடங்களில் வீட்டு விநியோகம் தடைப்பட்டது. கடைகளில் ரொட்டியும் பாலும் தீர்ந்தன.

இனி, உற்பத்தியாளர் நிலையைக் காண்போம். டாங்கர் லாரிகள் பண்ணைகளை அடைய இயலாமையால், உழவர் சிலர் கறந்த பாலைக் கீழே கொட்டினர். கடையில் பால் இல்லை. பண்ணையில் பாலுக்கு இடமில்லை. நடுவே அடைபட்ட சாலை!

அதே நாட்டில், 1844 டிசம்பர் 21 அன்று, குளிர்காலத்தில், ராச்டேல் முன்னோடிகள் தம் கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சரக்குகளே இருந்தன. எனினும் அங்கத்தினர் நடந்து சென்று வாங்கும் தொலைவில் அக்கடை இருந்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? சாலையை அடைப்பது பனியாயினும் வெள்ளமாயினும், கெடாத பண்டங்களில் ஓரளவு இருப்பு பண்டகசாலையில் வேண்டும். நடக்க இயலாத முதியோரும் நோயுற்றோரும் எவ்வீடுகளில் உளர் என்ற பட்டியலும் வேண்டும். நம் சங்கத்தில் இவ்விரண்டும் உளவா? அடுத்த கூட்டத்தில் இதனை வினவுவோமாக.