கன்னுக்குட்டி தோலில் புண்ணா? மருந்து டப்பாவைத் தொடுமுன் இதைப் படி!

தங்கச்சி, தறியில் பாவு ஏறியிருக்கிற நேரத்தில் கன்னுக்குட்டியைத் தடவிப் பார்க்க உனக்கு நேரமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் புண் கண்ணில் பட்டதும் கைக்குக் கிடைத்ததைத் தடவிவிட்டு ஓடாதே. இரண்டு நிமிஷம் நின்று பார். புண் எந்த இடத்தில் இருக்கிறது? வட்டமா, கட்டியா? ஈரமா, காய்ந்ததா? கன்னு பால் குடிக்கிறதா? நம் ஊர் ஓரிக்கையில் நான் பார்த்த வீடுகளில் பாதித் தப்பு, எல்லாப் புண்ணுக்கும் ஒரே களிம்பைத் தடவுவதுதான்.

1. முதலில் இடத்தைப் பார்

* வாலடியிலும் பின்தொடையிலும் முடி கொட்டிச் சிவந்திருந்தால் அது தோல் நோயே இல்லை. கழிச்சல் ஒட்டி வெந்த புண். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவு. ஆனால் கழிச்சலை நிறுத்தாமல் தோலுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் ஆறவே ஆறாது.
* வாயைச் சுற்றி முடி போயிருந்தால், பால் ஊட்டிய பிறகு நீ துடைக்கவில்லை. அவ்வளவுதான். துடை.
* கழுத்தைச் சுற்றிக் கோடு மாதிரி புண் என்றால் கயிறு அறுத்திருக்கிறது. நைலான் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மெத்தென்ற பருத்திக் கயிறு கட்டு. கன்னு வளரும், கயிறு வளராது. வாரம் ஒரு முறை இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துத் தளர்த்து.
* தொப்புள் வீங்கி, சூடாகி, சீழ் வைத்திருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அங்கிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டெல்லாம் வீங்கிவிடும். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. அடுத்த கன்னு பிறந்ததும் தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் முக்கிவிடு, இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

2. கண், காது, கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிற வட்டமா?

மாவு அப்பினாற்போல் தடித்த பொருக்கு, அரிப்பு அவ்வளவாக இருக்காது. இது படர்தாமரை, பூஞ்சைக்காளான் வேலை. வெயில் படாத ஈரக் கொட்டகையில் அடைத்து வைத்த கன்னுகளுக்கு அதிகம் வரும். பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்து எரித்துவிடு, கீழே போடாதே. தினமும் டிஞ்சர் அயோடின் தடவு, கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் கூடாது. காலை வெயிலில் கட்டு. ஆற வாரக் கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

இது நமக்கும் ஒட்டும். குழந்தைகளைக் கன்னைக் கட்டிப் பிடித்து விளையாட விடாதே. மருந்து போட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் தறிக்குழியில் இறங்காதே. அயோடினும், பின்னால் சொல்லப்போகும் மஞ்சள் சேர்த்த மூலிகை எண்ணெயும் பட்டில் பட்டால் சேலை பாழ். கன்னு வேலையை நெசவு முடிந்த பிறகு வைத்துக்கொள்வதே சுலபம்.

விடாமல் கட்டைத் தூணில் உரசிக்கொண்டே இருந்தால் அது வேறு. பேனோ சொறியோ இருக்கும். முடியை விலக்கிப் பார்த்துவிட்டு மருந்தகத்துக்குப் போ.

3. உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கட்டியா?

இங்கேதான் அலட்சியம் கூடவே கூடாது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், கால் வீக்கம், தொட்டால் கெட்டியாக உருளும் கட்டிகள். இது தோல் கழலை நோய். இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் முதலில் தெரிந்தது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத்தில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தது இதில்தான். ஆட்டம்மைக் குடும்பத்து வைரஸ். கடிக்கிற ஈ, கொசு, உண்ணி எல்லாம் பரப்பும். வேகவதி ஆறும் பாலாறும் பக்கத்திலேயே இருக்கிற நமக்கு மழை முடிந்தால் கொசுவுக்குப் பஞ்சமா? மனுஷருக்கு இது ஒட்டாது, அந்தப் பயம் வேண்டாம்.

* கன்னைத் தனியாகக் கட்டு. சாயங்காலம் வேப்பிலைப் புகை போடு.
* தாய்மாட்டின் காம்பில் புண் இருந்தால் கன்னை ஊட்ட விடாதே. பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றிக் கையால் கொடு.
* வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டாக்டர் போடும் ஊசி காய்ச்சலுக்கும், உடைந்த கட்டியில் சீழ் பிடிக்காமல் இருக்கவும்தான். ஆனால் அது அவசியம், தவிர்க்காதே.
* மேல்பூச்சுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகை எண்ணெய் நல்லது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாம் அரைத்து 500 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கொதிக்கவிட்டு ஆற வை. புண்ணைக் கழுவித் துடைத்த பிறகுதான் தடவ வேண்டும். ஒரு தரம் காய்ச்சி பாட்டிலில் வைத்தால் தினமும் அரைக்கிற வேலை இல்லை.
* தடுப்பூசி 4 மாதம் தாண்டிய கன்னுக்கு. முகாம் போடும்போது சோம்பேறித்தனம் படாதே. ஏற்கெனவே கட்டி வந்த கன்னுக்கு அப்போது போடக் கூடாது.

4. புண்ணில் நாற்றமா? உள்ளே ஏதோ நெளிகிறதா?

புழு வைத்துவிட்டது. வெளியே சின்ன ஓட்டை, உள்ளே பெரிய குழி. சீத்தா இலையை அரைத்து அப்பு, இல்லாவிட்டால் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை விடு. புழு மேலே வரும், ஒன்று விடாமல் இடுக்கியால் எடு. பிறகு உப்புத் தண்ணீரில் கழுவு. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு உப்பு தலைதட்டி இரண்டு டீஸ்பூன் போதும். குழி ஆழமாக இருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

5. இதெல்லாம் செய்யவே செய்யாதே

* மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், பேட்டரிக் கரி. புண்ணைச் சுட்டுப் பெரிசாக்கும். கன்னு நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.
* உண்ணி மருந்தைக் கண் அளவில் கலக்கித் தேய்ப்பது. பெரிய மாட்டுக்கான அளவு கன்னுக்கு விஷம். நக்கி நுரை தள்ளினால் அப்புறம் அழுது பிரயோஜனமில்லை.
* உனக்கு வாங்கிய அரிப்புக் களிம்பு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் படர்தாமரை இன்னும் பரவும்.
* வெயில் காலத்தில் புண்ணைத் துணியால் இறுகச் சுற்றுவது. உள்ளே வெந்துபோகும்.

6. காத்திருக்கக் கூடாத நேரம்

பால் குடிக்காமல் படுத்தே கிடந்தால், காய்ச்சலோடு கட்டி இருந்தால், வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் வந்து எச்சில் ஒழுகினால் உடனே கூப்பிடு. கடைசியாகச் சொன்னது கோமாரியாக இருக்கலாம், சின்னக் கன்னுக்கு அது நெஞ்சைத் தாக்கிப் பொசுக்கென்று கொன்றுவிடும். 1962-க்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ், காசு கிடையாது. கன்னுக்கு எத்தனை நாள் வயசு, புண் எப்போது வந்தது, பக்கத்து மாட்டுக்கும் இருக்கிறதா, இந்த மூன்றையும் தயாராக வைத்துக்கொள். செல்போனில் ஒரு போட்டோ எடு. டாக்டர் வருகிறவரை புண்ணில் மஞ்சள்கூட அப்பாதே. அப்பினால் புண் எது, பூச்சு எது என்று அவருக்குத் தெரியாது.