கயிற்றைச் சுற்றித் தைத்தால் கூடை

வெங்காயமும் பூண்டும் மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சீக்கிரம் அழுகுவதற்கு உள்ளே தேங்கும் ஈரம்தான் காரணம். கயிற்றுக் கூடையில் சுற்றுகளின் இடுக்கு வழியே காற்று போய்வரும். அதைத் தைக்கக் கயிறு, கோணி ஊசி, கெட்டியான நூல் இவை போதும்.

பானை உருளாமலிருக்க அடியில் வைக்கும் பிரிமனையைப் பார்த்தவர்களுக்கு வேலையின் பாதி புரிந்துவிடும். சுற்றிய கயிற்றைப் பக்கத்துச் சுற்றோடு பிணைத்துக்கொண்டே போவதுதான் முறை. மிகப் பழைய முறையும்கூட. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் புதிய கற்கால மக்கள் தோண்டிய தானியக் குழிகளுக்கு இப்படிச் சுருட்டித் தைத்த வைக்கோல் பின்னலையே உட்புறம் பதித்திருந்தார்கள்.

காய்கறிக்குத் தென்னை நார்க் கயிறு நல்லது. நாரில் லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மட்காது. துணிமணி, குழந்தைகளின் பொம்மை வைக்க மென்மையான பருத்திக் கயிறு ஏற்றது. எதுவானாலும் 6 மில்லிமீட்டர் கனம் கைக்கு அடங்கும். 15 சென்டிமீட்டர் அகல அடிப்பாகத்துக்கு ஏறக்குறைய 3 மீட்டர் பிடிக்கும். 12 சென்டிமீட்டர் உயரச் சுவருக்கு 20 சுற்று. ஒரு சுற்றுக்கு 47 சென்டிமீட்டர் வீதம் 9.4 மீட்டர். கைப்பிடிக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 14 மீட்டராக வாங்கிவிடலாம்.

நார்க் கயிற்றைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் விறைப்பு தணிந்து வளைந்துகொடுக்கும். பருத்திக் கயிற்றை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிட்டால், பிறகு துவைக்கும்போது கூடை கோணாது.

அடிப்பாகத்தில்தான் பொறுமை வேண்டும். கயிற்றின் தலைப்பை நூலால் இறுகச் சுற்றிக் கட்டியபின், அதை நடுவில் வைத்து மூன்று சுற்று சுற்ற வேண்டும். ஊசியை ஒரு பக்கத்து ஓரத்தில் குத்தி, மையம் வழியாக எதிர்ப்பக்கம் இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து தையல் போட்டால் வட்டு அசையாது. அதன்பின் ஒவ்வொரு தையலிலும் ஊசி பழைய சுற்றின் பாதிக் கனத்தைக் குத்திப் புதிய சுற்றின் நடுவே வெளிவர வேண்டும். தையல்களுக்கிடையே ஒரு விரல் அகலம் போதும்.

கயிற்றை இழுத்துப் பிடித்தால் வட்டு கிண்ணம்போல் குழியும். தளர்த்தினால் ஓரம் அலையலையாக நெளியும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மேசைமேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். தட்டையாகப் படியவில்லை என்றால் கடைசிச் சுற்றைப் பிரித்து மறுபடி தைப்பதே சரி. அடி கோணினால் சுவரும் கோணும்.

வட்டு 15 சென்டிமீட்டரை எட்டியதும், கயிற்றைப் பக்கத்தில் வைக்காமல் முந்தைய சுற்றின் முதுகின்மேல் ஏற்ற வேண்டும். சுவர் எழும்பத் தொடங்கிவிடும். கொஞ்சம் வெளிப்புறமாகத் தள்ளி வைத்தால் வாய் அகலும், உட்புறமாக வைத்தால் குறுகும்.

மேலிருந்து இரண்டாவது சுற்றில், எதிரெதிரே இரண்டு இடங்களில் 10 சென்டிமீட்டர் அளவுக்குத் தைக்காமல் கயிற்றை வளைத்து உயர்த்தினால் காதுகள் கிடைக்கும். கடைசிச் சுற்றை அவற்றின்மேல் ஒட்டித் தைத்தால் பாரம் தாங்கும். முடிவில் கயிற்றின் புரிகளைப் பிரித்து, ஒன்றைவிட ஒன்று குட்டையாக நறுக்கி, உட்புறம் படியவைத்துத் தைத்தால் முனை துருத்தாது.

தைக்கச் சோம்பி, அட்டைப்பெட்டியின்மேல் சூடான பசையால் கயிற்றை ஒட்டுகிறவர்கள் உண்டு. கடும் வெயிலில் அந்தப் பசை இளகிவிடும். அட்டை காற்றையும் மறைக்கும். தைத்த கூடையில் ஓரிடம் அறுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தைத்துக்கொள்ளலாம்.

ஈரக் கீரை, கழுவிய காய் இரண்டையும் இதில் போடக்கூடாது, பூஞ்சை பிடிக்கும். அவ்வப்போது கவிழ்த்துத் தட்டி, வெயிலில் காயவைத்தால் போதும்.